‘தூக்கமே இல்லை’ என்றால் என்ன பொருள்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியும் வரை காத்திருப்பதில்லை. ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்திலேயே விளக்கு வெளிச்சத்தில் விலை கூவத் தொடங்கிவிடுகிறார்கள். ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டுக் கூடையில் அடுக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தெருத்தெருவாக விற்றுவிட்டு வீடு திரும்பும் பெண்களிடம் “தூக்கமெல்லாம் எப்படிக்கா?” என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “தூக்கமே இல்லபா.” தூக்கம் பற்றிய ஆய்வு வினாத்தாள்களைத் தமிழாக்குவதும், அவற்றை வடசென்னையில் வீடு வீடாகக் கேட்டு நிரப்புவதும் சில ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. தொடக்கத்தில் அந்தப் பதிலைக் கேட்டதும் ‘தூக்கமின்மை’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பது, தூக்க மருத்துவத்தில் ஒவ்வொரு சொல்லும் எதைச் சுட்டுகிறது என்று நிதானமாகப் படித்த பிறகுதான் விளங்கியது.

அந்த ஒரு பதிலைச் சொல்லக்கூடிய மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் மேலே சொன்ன மீன்காரப் பெண்மணி. இரவு பதினொன்றுக்குப் பாயில் தலை சாய்த்தால் அடுத்த நொடி தூங்கிவிடுவார். இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டும். அவருக்குத் தூக்கம் வராமல் இல்லை, தூங்க நேரம்தான் இல்லை. இரண்டாமவர் மணலியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒன்பது மணிக்கே படுக்கிறார், எழுப்ப யாருமில்லை, மின்விசிறியும் ஓடுகிறது. ஆனால் மணி இரண்டாகியும் கண் மூடவில்லை. மூன்றாமவர் ‘ராத்திரி இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை’ என்று மனமாரச் சொல்கிறார். மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவியோ அவர் ஆறு மணி நேரம் தூங்கியதாகக் காட்டுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. தூங்கியதை அவரால் தூக்கமாக உணர முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வு மொழியில் முதலாவது போதாத் தூக்கம். இரண்டாவது, உரிய மற்ற நிபந்தனைகளும் சேர்ந்தால், இன்சோம்னியா என்ற நோய். மூன்றாவதற்கு ‘முரண் இன்சோம்னியா’ என்றும் ‘தூக்க நிலையைத் தவறாக உணர்தல்’ என்றும் பெயர்கள் வழங்கியிருக்கின்றன. தமிழ்ச் செய்தித்தாளிலோ மூன்றும் ‘தூக்கமின்மை’. ‘இந்தியாவில் இத்தனை பேருக்குத் தூக்கமின்மை’ என்று ஒரு தலைப்பைக் காணும்போது, அந்த எண்ணிக்கை இந்த மூவரில் யாரைப் பற்றியது என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

2014இல் வெளிவந்த தூக்கக் கோளாறுகளுக்கான பன்னாட்டு வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, நீடித்த இன்சோம்னியாவுக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். தூக்கம் பிடிக்காமல் போவதோ இடையில் கலைவதோ வாரத்துக்கு மூன்று முறையாவது நேர வேண்டும். அது மூன்று மாதங்களாவது நீடிக்க வேண்டும். அதனால் பகல் வாழ்க்கை பாதிக்கப்பட வேண்டும். இவை அனைத்தும் தூங்குவதற்குப் போதுமான நேரமும் ஏற்ற சூழலும் இருந்தும் நேர வேண்டும். கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. அதை விட்டுவிட்டு எண்ணினால், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் குடித்தனத்தில் வாழ்பவர்களையும், இரவு ஷிப்ட் பார்க்கும் காவலாளிகளையும், கைக்குழந்தையோடு விழித்திருக்கும் தாய்மாரையும் நோயாளிகள் பட்டியலில் சேர்த்துவிடுவோம்.

உணவு விஷயத்தில் நாம் இந்தத் தவறைச் செய்வதில்லை. சோறு இல்லாமல் கிடப்பது பட்டினி. சோறு இருந்தும் சாப்பிடத் தோன்றாதது பசியின்மை. பட்டினி கிடப்பவருக்குப் பசியைத் தூண்டும் டானிக் எழுதிக்கொடுக்கும் வைத்தியர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார். தூக்கத்துக்கும் இப்படி இரண்டு சொல் வேண்டும். என் குறிப்பேட்டில் முதலாவதைத் ‘தூக்கப் பட்டினி’ என்றும், இரண்டாவதைத் ‘தூக்கம் பிடியாமை’ என்றும் எழுதி வருகிறேன். ‘தூக்கமின்மை’ என்ற சொல் பிழையானது என்று சொல்ல வரவில்லை. இல்லாதது எதனால் இல்லை என்பதை அது சொல்லாமல் விடுகிறது என்பதே என் குறை.

பெயர் மாறினால் சிகிச்சையும் மாறிவிடும் என்பதால் இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. இன்சோம்னியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை மாத்திரை அல்ல. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுவழிப் பயிற்சி. அதன் ஒரு முக்கியப் பகுதி, நோயாளி படுக்கையில் கிடக்கும் நேரத்தை வேண்டுமென்றே சில வாரங்களுக்குக் குறைப்பது. ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவரை ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்கச் சொன்னால், சேர்ந்துவரும் தூக்க அழுத்தம் அவரை விரைவில் தூங்க வைக்கும். தூக்கம் இறுகிய பின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். மணலிக்காரருக்கு இது மருந்து. மூன்று மணி நேரமே படுக்கக் கிடைக்கும் மீன்காரப் பெண்மணியிடம் இதைச் சொன்னால் அது கொடுமை.

இதே சிகிச்சையின் பெயரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைத் தூக்கக் கட்டுப்பாடு என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். அதே சொல்லைத்தான், நலமாக இருப்பவர்களின் தூக்கத்தைக் குறைத்து என்ன கேடு விளைகிறது என்று பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கும் பயன்படுத்துகிறார்கள். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 நாள் இரவுக்கு 4 மணி நேரமோ 6 மணி நேரமோ மட்டும் படுக்க விட்டார்கள். அவர்களது கவனக் குறைபாடு ஓரிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலையை எட்டியது. அதைவிட வியப்பு, அவர்களுக்கே தாங்கள் அந்த அளவுக்குக் கெட்டிருப்பது தெரியவில்லை. ஒரு கட்டுரையில் ‘தூக்கக் கட்டுப்பாடு’ சிகிச்சை, இன்னொன்றில் அதுவே தீங்கு. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுச் செய்தி எழுதுபவர் குழம்பினால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சிகிச்சையைப் ‘படுக்கை நேரக் குறைப்பு’ என்று அழைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும், ஏனெனில் அங்கே குறைக்கப்படுவது படுக்கை நேரம்தான்.

ஒரு சொல்லைத் திருத்துவதால் ஒரு துறை எப்படி நகரும் என்பதற்கும் இன்சோம்னியாவே சான்று. நெடுங்காலம் அதை ‘முதன்மை’ என்றும் ‘இரண்டாம் நிலை’ என்றும் பிரித்தார்கள். மனச்சோர்வோ மூட்டுவலியோ உள்ளவருக்குத் தூக்கம் பிடிக்காவிட்டால் அது இரண்டாம் நிலை. மூல நோயைக் கவனித்தால் போதும், தூக்கம் தானாகச் சரியாகிவிடும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருந்த அனுமானம். எது காரணம், எது விளைவு என்று பல நோயாளிகளிடம் சொல்லவே முடியாது என்பதால், 2005இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு ‘உடனிருக்கும் இன்சோம்னியா’ என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. 2013இல் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அந்தப் பிரிவினையையே கைவிட்டது. அடுத்த ஆண்டு மேற்சொன்ன பன்னாட்டு வகைப்பாடும் அதையே செய்தது. மனச்சோர்வோடு வருபவரின் தூக்கத்துக்கும் தனியாகச் சிகிச்சை தர வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு அந்தப் பெயர் மாற்றம் இடம் கொடுத்தது.

இனி, என்னை அதிகம் திணறடித்த சொல்லுக்கு வருகிறேன். பகல் நேரத் தூக்கச் சாய்வை அளக்க உலகெங்கும் பயன்படுவது எப்வொர்த் அளவுகோல். மெல்போர்னில் உள்ள எப்வொர்த் மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய இதை மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991இல் வெளியிட்டார். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும்போது என எட்டுச் சூழல்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் கேட்கிறது. மொத்தம் 24, பத்துக்கு மேல் போனால் அது இயல்பு மீறிய தூக்கச் சாய்வு. வெறும் களைப்பை இதில் சேர்க்கக் கூடாது என்று மூலக் கேள்வியிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது.

இதை நான் முதலில் தமிழாக்கியபோது ‘இந்தச் சூழலில் உங்களுக்குத் தூக்கம் வர எவ்வளவு வாய்ப்பு உண்டு?’ என்று எழுதினேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. படிக்கவும் நன்றாகவே இருந்தது. பொது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் சூழலைச் சொல்லி ஏலக்கூடத்தின் ஓரத்தில் ஒரு அக்காவிடம் கேட்டேன். “வரும் தம்பி, நல்லா வரும்” என்றார். மூன்று என்று எழுதினேன். எழுதி முடிக்கும் முன் அவரே தொடர்ந்தார்: “ஆனா தூங்க மாட்டேன். தூங்குனா கூடைய எவனாவது தூக்கினு பூடுவான்.” தமிழில் ‘தூக்கம் வருகிறது’ என்பது ஓர் உணர்வு, ‘தூங்கிவிடுகிறேன்’ என்பது ஒரு நிகழ்வு. அளவுகோல் கேட்பது நிகழ்வை. நான் கேட்டதோ உணர்வை. அவரது உண்மையான மதிப்பெண் 0 அல்லது 1. எட்டுக் கேள்விகளிலும் இப்படி ஒன்றிரண்டு கூடினால், இயல்பாக இருப்பவர் நோயாளியாகிவிடுவார். பிறகு கேள்வியை ‘உங்களை அறியாமல் கண்ணயர்ந்துவிடுவீர்களா?’ என்று மாற்றினோம். மாற்றும் வரை நிரப்பிய தாள்களை ஒதுக்கிவைத்தோம். அத்தனை நாள் அலைச்சலும் வீண் என்று குழுவில் எல்லோருக்கும் என்மீது வருத்தம்தான். அது நியாயமான வருத்தமும்கூட.

அறியாமல் என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஓட்டுநர்கள், வண்டி நகராத நேரத்தில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். அது புத்திசாலித்தனம், கிடைத்த இடைவெளியை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளும் தூக்கம். நகரும் வண்டியில் தன்னை மீறிக் கண் சொக்குவதோ நோயின் அறிகுறி. ‘போக்குவரத்தில் வண்டி நிற்கும்போது தூங்குவீர்களா?’ என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கும்.

களைப்பு வேறு, தூக்கச் சாய்வு வேறு என்பதும் இதைப் போலவே முக்கியமானது. இன்சோம்னியா உள்ளவர் நாள் முழுதும் அலுத்துக் கிடப்பார். ஆனால் மதியம் படுக்கச் சொன்னால் தூக்கம் பிடிக்காது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவரோ பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிடுவார். இரத்தச் சோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் முதலில் களைப்பாகவே வெளிப்படும். தமிழில் இதற்கு வளமான சொற்கள் இருக்கின்றன: உழைத்தபின் வருவது களைப்பு, உடம்பு கனத்துப்போவது அசதி, மனமும் சேர்ந்து தளர்வது சோர்வு, கண் இழுப்பது தூக்கக் கலக்கம், உட்கார்ந்த இடத்தில் தலை ஆடுவது தூங்கி வழிதல், பாதி விழிப்பாய்த் தூங்குவது கோழித் தூக்கம். ஓய்வெடுத்தால் தீர்வது எது, தூங்கினால் மட்டுமே தீர்வது எது என்பதை வடசென்னையில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு வினாத்தாள்களில் இவையெல்லாம் ‘சோர்வு’ என்ற ஒரே சொல்லில் அடைபட்டுவிடுகின்றன. மூல வினாத்தாள்களும் குற்றமற்றவை அல்ல. அறுவைச் சிகிச்சைக்கு முன் தூக்க மூச்சுக் கோளாறைச் சலித்தெடுக்க 2008 முதல் பயன்படும் ஸ்டாப்-பேங் வினாத்தாளின் ஒரு கேள்வி, களைப்பு, அசதி, தூக்கச் சாய்வு மூன்றையும் ‘அல்லது’ போட்டு ஒன்றாகக் கேட்கிறது. யாரையும் தவறவிடக் கூடாது என்பது அதன் நோக்கம் என்பதால் சலிக்கும் கருவியாக அது பொறுக்கத்தக்கதே. ஆனால் அந்த விடையை எடுத்துக்கொண்டு ‘பகல் தூக்கச் சாய்வு உள்ளவர்கள் இத்தனை விழுக்காடு’ என்று எழுதுவது பொறுக்கத்தக்கதல்ல.

மூச்சுக் கோளாறு என்றதும் நாளிதழ்கள் வழக்கமாக எழுதும் ‘தூக்கத்தில் மூச்சுத்திணறல்’ என்ற தொடர் நினைவுக்கு வரும். அது ஸ்லீப் அப்னியாவின் மொழிபெயர்ப்பாக நிலைத்துவிட்டது. திணறல் என்பது மூச்சு போதாமல் தவிப்பதை உணர்வது. ஆஸ்துமாவிலும் இதயச் செயலிழப்பிலும் வருவது. அப்னியா என்பது மூச்சு ஓட்டம் நின்றுபோவது. தூங்குபவருக்குப் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது. அறிந்தவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். தண்டையார்பேட்டையில் ஒரு பெண் தன் கணவரைப் பற்றிச் சொன்னார்: “கொறட்டை வுட்டுக்கினே இருப்பாரு, டக்குனு நின்னுடும். அவரு பாட்டுக்குத் தூங்குவாரு, எனக்குத்தான் பக்குனு இருக்கும்.” அப்னியாவுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை. ‘உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத்திணறல் உண்டா?’ என்று அவரது கணவரிடம் கேட்டபோது அவர் இல்லை என்றார். அவரளவில் அது உண்மைதான். ‘தூக்க மூச்சு நிற்றல்’ என்று எழுதுவது காதுக்கு அவ்வளவு இனிமையாக இல்லை. ஆனால் நிற்பது நிற்பதாகவே சொல்லப்படுகிறது.

மூச்சு முழுதாக நிற்பதை எண்ணுவது எளிது: ஓட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து 10 நொடியாவது நீடித்தால் அது ஓர் அப்னியா. தகராறு, பாதி நிற்பதில் தொடங்குகிறது. ஹைபாப்னியா எனப்படும் இந்தக் குறைமூச்சுக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2007இல் இரண்டு விதிகளைத் தந்தது. பரிந்துரைத்த விதிப்படி, ஓட்டம் 30 விழுக்காடு குறைவதோடு இரத்த ஆக்ஸிஜன் செறிவும் 4 விழுக்காடு இறங்க வேண்டும். மாற்று விதிப்படி, ஓட்டம் 50 விழுக்காடு குறைந்து, ஆக்ஸிஜன் 3 விழுக்காடு இறங்கினாலோ மூளை சற்றே விழித்தாலோ போதும். அதற்கு முன் 1999இல் வந்த சிகாகோ விதி இன்னும் தாராளமானது. ஒரு மணி நேரத் தூக்கத்தில் இத்தகைய நிகழ்வுகள் எத்தனை என்பதே ஏ.ஹெச்.ஐ. என்ற குறியீடு, 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30 முதல் கடுமை. 2009இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 328 பேரின் ஒரே இரவுப் பதிவுகளை இந்த மூன்று விதிகளாலும் எண்ணியது. இடைநிலை மதிப்பு சிகாகோ விதியில் 25.1, மாற்று விதியில் 14.9, பரிந்துரைத்த விதியில் 8.3. அதே ஆட்கள், அதே இரவு, அதே மூச்சு. 2012இல் விதி மீண்டும் திருத்தப்பட்டு, 30 விழுக்காட்டு ஓட்டக் குறைவோடு 3 விழுக்காட்டு ஆக்ஸிஜன் இறக்கமோ சிறு விழிப்போ போதும் என்றானது. ஆகவே எந்த ஆண்டின் எந்த விதி என்று சொல்லாத ஏ.ஹெச்.ஐ. எண், படியா கிலோவா என்று சொல்லாமல் ‘மூன்று அரிசி’ என்பதைப் போன்றது.

விதி ஒன்றாகவே இருந்தாலும் வகுக்கும் எண் மாறலாம். ஆய்வகத்தில் இ.இ.ஜி. இருப்பதால் தூங்கிய நேரம் தெரியும். வீட்டில் விரலிலும் மூக்கிலும் மாட்டும் சிறிய கருவியில் பெரும்பாலும் இ.இ.ஜி. இருப்பதில்லை, பதிவான நேரத்தால்தான் வகுக்க முடியும். ஒருவருக்கு 96 நிகழ்வுகள் என்று வைத்துக்கொள்வோம். கருவி 8 மணி நேரம் ஓடியிருந்தால் 96ஐ 8ஆல் வகுக்க 12 வரும், அதாவது லேசானது. அவர் உண்மையில் தூங்கியது 4 மணி நேரமே என்றால் 24 வரும், அதாவது நடுத்தரம். இந்தக் காரணத்தால்தான் வீட்டுச் சோதனையின் குறியீட்டுக்கு ஆர்.இ.ஐ. என்று தனிப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை விட்டுவிட்டு இரண்டையும் ஏ.ஹெச்.ஐ. என்றே எழுதும் அறிக்கைகளை இன்னும் பார்க்கிறேன்.

நோய் என்ற சொல்லுக்கும் குறியீடு என்ற சொல்லுக்கும் இடையிலான தூரத்தைக் காட்ட, 1993இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வே போதும். 30 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களில் ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் குறியீடு 5ஐயோ அதற்கு மேலோ எட்டியிருந்தது. அதோடு பகல் தூக்கச் சாய்வும் சேர்ந்து நோய்த்தொகுதி என்று சொல்லத்தக்கவர்கள் ஆண்களில் 4 விழுக்காடு, பெண்களில் 2 விழுக்காடு மட்டுமே. இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் அச்சானவை, இரண்டும் உண்மை. 2015இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வு, 40 வயதைத் தாண்டியவர்களிடையே புதிய விதிகளையும் கூர்மையான உணரிகளையும் கொண்டு, ஆண்களில் 49.7 விழுக்காட்டினருக்குக் குறியீடு 15ஐ எட்டியதாகக் கண்டது. இதைப் பார்த்து ‘ஆண்களில் பாதிப் பேர் நோயாளிகள்’ என்றோ, இருபது ஆண்டுகளில் நோய் பன்மடங்கு பெருகிவிட்டது என்றோ எழுதுவது தவறு. மாறியதில் பெரும்பங்கு வயதும் விதியும் உணரியும்.

தூக்கத் திறன் என்பதும் இப்படிப்பட்ட ஒரு வகுத்தல்தான்: தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நல்லது என்பது வழக்கம். கட்டிலும் தனி அறையும் உள்ள வீட்டில் ‘படுக்கையில் இருந்த நேரம்’ என்பதற்குப் பொருள் தெளிவு. பழைய வண்ணாரப்பேட்டையின் ஒற்றை அறைக் குடித்தனத்தில் பத்து மணிக்குப் பாயை விரித்தால், அதன்மேல்தான் சீரியல், அதன்மேல்தான் பிள்ளையின் வீட்டுப்பாடம், அதன்மேல்தான் செல்போன். பன்னிரண்டுக்கு விளக்கை அணைத்து ஐந்தரைக்கு எழுபவர் ஐந்து மணி நேரம் தூங்கினார் என்றால், பாய் விரித்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் திறன் 67 விழுக்காடு, விளக்கணைத்ததிலிருந்து கணக்கிட்டால் 91 விழுக்காடு. முதல் எண் அவரை நோயாளியாக்குகிறது. வகுக்கும் எண் தூங்க முயன்ற நேரமாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் ஒரு கட்டுரை 2016இல் வெளியானது. நம் வீடுகளைப் பார்த்தவர்கள் அதை முன்பே சொல்லியிருப்பார்கள்.

ஆழ்ந்த தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரங்களின் புண்ணியத்தில் அந்தக் குழப்பம் இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பேச்சு வழக்கில் கூப்பிட்டாலும் எழாத தூக்கம் ஆழ்ந்த தூக்கம். ஆய்வில் அது என்3 என்ற நிலை: 30 நொடித் துண்டு ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்காவது உயரமான மெது அலைகள் இருக்க வேண்டும். 1968இன் விதிநூல் இதையே மூன்று, நான்கு என இரண்டு நிலைகளாகப் பிரித்திருந்தது, 2007இல் ஒன்றாக்கினார்கள். எனவே பழைய கட்டுரையின் ‘மூன்றாம் நிலை’யும் புதிய கட்டுரையின் ‘என்3’யும் ஒன்றல்ல. கடிகாரம் ‘லேசான தூக்கம்’ என்று காட்டுவதில் பெரும்பகுதி என்2, அதாவது என்3க்கு முந்தைய நிலை. ஆரோக்கியமான பெரியவரின் இரவில் ஏறத்தாழ பாதி அதுதான். லேசானது என்ற பெயரைப் பார்த்து, தன் தூக்கத்தில் பாதி வீணாகிவிட்டதாகக் கவலைப்படுபவர்களுக்கு நோய் எதுவும் இல்லை, பெயர்தான் தொல்லை. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஆர்.இ.எம். நிலையைக் ‘கனவுத் தூக்கம்’ என்பதும் முழுச் சரியல்ல, மற்ற நிலைகளிலிருந்து எழுப்பப்பட்டவர்களும் கனவுகளைச் சொல்கிறார்கள்.

எளிய சொற்களே மிகவும் ஏமாற்றுகின்றன என்பது என் அனுபவம். ‘வழக்கமாக’ என்ற சொல்லைப் பாருங்கள். 1989 முதல் பயன்படும் பிட்ஸ்பர்க் தூக்கத் தர வினாத்தாள், கடந்த ஒரு மாதத்தில் வழக்கமாக எத்தனை மணிக்கு இரவு படுத்தீர்கள் என்று கேட்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் காசிமேட்டில் கேட்டால், படகுத் தொழிலாளி சொல்லும் வழக்கம் கடலுக்குப் போகாத வழக்கம். ஜூலையில் கேட்டால் வேறொரு மனிதரின் விடை போல இருக்கும். கேட்ட மாதத்தைக் குறிக்காத தரவை வைத்து மீனவர்களின் தூக்கம் என்று பொதுவாக எழுத எனக்குக் கை வராது.

‘இரவு’ என்ற சொல் இன்னும் மோசம். நைட் ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுத்து இரண்டுக்கு எழும் மணலித் தொழிலாளியிடம் ‘நேற்று இரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?’ என்றால் அவர் சிரிக்கிறார். சிலர் சுழியம் என்கிறார்கள். தூக்க நாட்குறிப்பின் ஒரு பக்கத்தை நண்பகல் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை என்று அச்சடித்தால், இரவில் தூங்குபவருக்கு அது வசதி. இவருக்கோ ஆறு மணி நேரத் தூக்கம் நான்காகவும் இரண்டாகவும் இரு பக்கங்களில் வெட்டுப்படுகிறது. ஏலத்துக்குப் போகும் பெண்களுக்கு வேறு சிக்கல்: இரண்டு மணியைச் சிலர் ராத்திரி இரண்டு என்கிறார்கள், சிலர் காலை இரண்டு என்கிறார்கள், தேதி அதற்கேற்ப ஒரு நாள் முன்னும் பின்னும் நகர்கிறது. கடைசியில் ‘இரவு’, ‘நேற்று’ இரண்டையும் தாளிலிருந்து எடுத்துவிட்டு, ‘கடைசியாக நீங்கள் அதிக நேரம் தூங்கியது எப்போது? அப்போது கடிகாரத்தில் மணி என்ன? எழுந்தபோது என்ன?’ என்று மூன்று கேள்விகளாகப் பிரித்தோம். ஏலக்கூடத்து அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “பதினொன்னுக்குப் படுத்தேன், ரெண்டுக்கு எழுந்தேன். வெயில்ல வந்து ஒரு மணி நேரம் சாஞ்சேன், அத்தையும் எழுதிக்கோ” என்றார். அதற்கு என் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.